வரேன் என்கிற சொல்

முறத்தில் சிவப்பரிசி, அதில் கல், கல்லும் சிவப்பு. எது அரிசி எது கல் என்று விரல்தான் சொல்ல வேண்டும், கண்ணாடி போட்ட கண் சொல்லாது. ரசுவா அடுப்பருகே உட்கார்ந்து கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்காக அடித்த கோழி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வாள் என்று ஃபாலி கண்ஜாடை காட்டினான், வாயை மூடிக்கொண்டேன். ஃபாலிதான் எனக்கு இங்கே வாயும் காதும். ஐந்து மாதமாக நான் இங்கிலீஷில் சொல்வதை மலகாஸியில் சொல்கிறான், அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்கிறான், தனக்குப் பிடிக்காததை நடுவில் விழுங்கிவிடுகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. இப்போது வாசற்படியில் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாரோடு மல்லுக்கட்டுகிறான். சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் வேன் வரும், அது என்னை ஆற்றங்கரை ஊருக்குக் கொண்டுபோகும், அப்புறம் தலைநகரம், விமானம், மதுரை, அருப்புக்கோட்டை. மடகாஸ்கரில் இது எனக்குக் கடைசிப் பகல். அது பெரிய விஷயமில்லை. வேன் வருவதற்குள் ரசுவா ஒரு கேள்வி கேட்பாள். எப்போ திரும்பி வருவே என்று கேட்பாள். வருவேன் என்று சொன்னால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் மரத்தையும் புதரையும் இந்த வருஷம் வெட்டாமல் விடுவாள், அவள் பிள்ளைகள் மழை மாதங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் படுக்கும். வரமாட்டேன் என்று சொன்னால் வெட்டுவாள், காயவிட்டு எரிப்பாள், சாம்பலில் நெல் விதைப்பாள், சரிவின் மேல்பக்கத்து மரங்களில் இருக்கிற மிருகங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். ஒரு சொல்தான். அதற்குள் இந்த முறத்துக் கல்லையாவது பொறுக்கி முடிக்க வேண்டும்.

இதில் மாட்டிக்கொள்ளவா இவ்வளவு தூரம் வந்தேன். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். கரும்பலகையில் வேரும் தண்டும் வரைந்தே கையெல்லாம் சுண்ணாம்பு, ஒரு மரம் நட்டதில்லை. சுற்றுச்சூழல் தினத்துக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் விட்டிருக்கிறேன், அது செத்தது வேறு விஷயம். அம்மா போன மறுவருஷம் விருப்ப ஓய்வு வாங்கினேன், வீட்டில் பேச ஆளில்லை, கைப்பேசியில் ஒரு விளம்பரம், காட்டு மிருகங்களைக் காக்கவும் கிராமத்து ஜனங்களுக்கு உதவவும் தன்னார்வலர்கள் தேவை என்று. வந்தால் எல்லோரும் சின்னஞ்சிறுசுகள், ஜெர்மனி, கனடா, கழுத்தில் கேமரா, காலில் விலையுயர்ந்த பூட்ஸ். நான் ஒருத்திதான் காட்டன் புடவையும் நரைத்த கொண்டையுமாக. ஊர் ஜனங்கள் முதலில் என்னைப் பட்டணத்தில் கடை வைத்திருக்கும் இந்தியக்காரர் வீட்டு அம்மா என்றே நினைத்தார்கள், ஒருத்தி சோப்பு விலை கேட்டாள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் க்ளேருக்கு, பெல்ஜியம்காரி, மங்கையர்க்கரசி என்ற என் பெயர் வாயில் நுழையவில்லை, முதல் நாளே ‘மங்’ என்று வெட்டிவிட்டாள். ரசுவாதான் முழுப் பெயரையும் சொன்னாள். ஒரு எழுத்தைக் குறைக்கவில்லை, கடைசியில் கொஞ்சம் ராகம் மட்டும் இழுத்தாள். இவர்கள் பெயர்கள் நம் பெயர்களைவிட நீளம், ரசுவாவின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளோடு ஒட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள், பள்ளத்தில் ஒரு துண்டு வயல், அந்த நெல் பாதி வருஷத்துக்குக்கூட வராது. மீதி வருஷத்துக்கு அவளுக்கு இருப்பது இந்தச் சரிவு. சரிவின் கீழ்ப்பக்கம் புதர், அங்கேதான் நானும் அவளும் சேர்ந்து காட்டு மரக்கன்றுகளை நட்டோம். குழி தோண்டியது அவள், மண்ணை மூடி அமுக்கியது நான், என் முழங்கால் இப்போதும் அதைச் சொல்கிறது.

இந்தக் கல் பெரிசு, பல் போயிருக்கும். எங்கிருந்து விட்டேன், ஆமாம், சொல். நட்டு முடித்த கையோடு விசா நீட்டிக்கத் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊரில் யாராவது வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்பார்களா. சாவு வீட்டில்கூடச் சொல்லாமல்தான் கிளம்புவோம், போறேன் என்று சொல்ல மாட்டோம். எனக்கு அந்த ஒற்றைச் சொல் நாக்கில் ஏறவே ஏறாது. போய்விட்டு வருகிறேன் என்பதற்கு இவர்கள் பாஷையில் என்ன என்று ஃபாலியிடம் கேட்டு, மனப்பாடம் செய்து, இதே வாசற்படியில் நின்று ரசுவாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது. என் உச்சரிப்பை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன், வாத்திச்சி புத்தி. சொன்ன மாதிரியே இரண்டு வாரத்தில் திரும்பி வந்தேன். ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தினமும் சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அதையேதான் சொன்னேன், மறுநாள் காலையில் வந்தேன். மங்கையர்க்கரசி சொன்னால் வருவாள் என்று ஆகிவிட்டது. போன வாரம் ஊரைக் கூட்டி எங்களுக்கு விடைகொடுத்தார்கள், ஜெர்மன் பையன்கள் ‘வெலுமா’ என்றார்கள். இவர்கள் விடைபெறும் சொல் அதுதான், உயிரோடு இரு என்று அர்த்தமாம். எவ்வளவு கண்ணியமான சொல். இரு என்கிறது, வருவேன் என்று எதையும் ஒட்டவைக்கவில்லை. இதற்கு முன் வந்துபோன எல்லோரும் அதைத்தான் சொல்லிப் போயிருக்கிறார்கள், அதனால் யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை. என் முறை வந்ததும் எழுந்து, கை கூப்பி, நான் என்ன சொன்னேன். போய்விட்டு வருகிறேன் என்றேன். இரண்டு நாள் முன்னால்தான் ஃபாலி மெதுவாக ஆரம்பித்தான், “உங்களுக்கு ஒண்ணு தெரியணும். எல்லாரும் வெட்ட ஆரம்பிச்சாச்சு, ரசுவா கத்தியை எடுக்கல. அண்ணன்காரன் வந்து சத்தம் போட்டான். இவ சொன்னா, நட்டவ வரேன்னு சொல்லியிருக்கா, வந்து பாக்கும்போது கன்னு இல்லேன்னா நான் என்ன பதில் சொல்றதுன்னு.” நான் சொன்னது அதில்லை, எங்கள் ஊரில் அது ஒரு பேச்சு வழக்கு என்று அவனிடம் கத்தினேன். அவன் பாவம், என்ன செய்வான்.

நான் திரும்பி வரப் போவதில்லை. எனக்கு வயது ஐம்பத்தாறு, முழங்கால் ஒத்துழைக்காது, இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர வழியுமில்லை. வரமாட்டேன். மனசுக்குள் சொன்னால்கூட யாரோ வாயைப் பொத்துகிறார்கள். அம்மாதான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாய் தவறி “போறேம்மா” என்றால் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள், “போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு, உள்ள வந்து திரும்பச் சொல்லிட்டுப் போ.” உள்ளே வந்து மறுபடி சொல்லிவிட்டுப் போவேன். அப்பா சூரத்துக்குத் தறி மெக்கானிக் வேலைக்குப் போனபோது ஒழுங்காகத்தான் சொன்னார், போயிட்டு வரேன் என்று, நான் கேட்டேன், நான் நிலைப்படியில் நின்றேன். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் நின்றது, அப்புறம் அங்கே போய்வந்த ஒருத்தர் அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று தெருவில் யாரிடமோ சொல்ல, அது எங்கள் வீடுவரை வந்தது. அம்மா நம்பவில்லை. மாமா மதுரையில் மாடி காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று எத்தனை முறை கூப்பிட்டார். “அவருக்கு இந்த விலாசம்தானே தெரியும்” என்பாள். அந்த ஓட்டு வீட்டில் மழை பெய்தால் படுக்க இடமிருக்காது, வாளியும் அண்டாவும் வைத்து இரவெல்லாம் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருப்போம். நான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகும் அங்கிருந்து அசைய மாட்டேன் என்றாள். எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள்கூட, அப்பா எங்கே என்று கேட்டால், வருவார் என்றாள், அவர்கள் எழுந்து போனார்கள். கடைசியில் அந்த வீட்டிலேயே செத்தாள். “வரேன்னுதான சொன்னாரு.” எனக்கு அப்பா மேல்கூட அவ்வளவு கோபமில்லை, அந்தச் சொல் மேல்தான். அவரைப் பொய்யர் என்று எப்படிப் பிடிப்பது, கிளம்புகிற எவனும் சொல்வதைத்தானே சொன்னார். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. நானும் இப்போது அங்கேதான் நிற்கிறேனா.

“அதையே சொல்லிட்டுப் போ” என்றாள் க்ளேர் நேற்று. ஃபாலி அவளிடமும் சொல்லியிருக்கிறான். “உங்க ஊர்ல அது வெறும் வழக்கம்தானே மங்? அப்ப அது பொய்யே இல்லையே. ஒரு வருஷம் தள்ளிப்போனாப் போதும், அதுக்குள்ள நாங்க வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிடுவோம்.” என்ன ஏற்பாடு என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள், அதையாவது உண்மையாகச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. அந்த மேல்பக்கத்து மரங்கள் ஓடைக்கரையோடு ஒரு வரிசையாகப் போகின்றன, இந்தப் பக்கத்துக் காட்டுக்கும் அந்தப் பக்கத்து மலைக்கும் அது ஒன்றுதான் வழி. அந்த வழியில் ஒரு பாபகுட்டுக் குடும்பம் வந்து தங்குகிறது, இங்கத்து லெமூர்களில் அதுதான் பெரியது. வாலே இல்லாத மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு நாலு வயசுப் பிள்ளை உயரத்துக்கு இருக்கும், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரும். இங்கே யாரும் அதைக் கொல்ல மாட்டார்கள், தங்கள் முன்னோர் என்கிறார்கள். முன்னோரைக் கொல்லாமல் அவர் குடியிருக்கிற மரத்தை மட்டும் வெட்டுகிறார்கள், பசி வந்தால் நாமும் அதைத்தான் செய்வோம். கூண்டில் வைத்துக் காப்பாற்றவும் முடியாதாம், சாப்பிடாமல் செத்துவிடுமாம். இன்று காலையிலும் பாடின. முதன்முதலில் கேட்டபோது யார் வீட்டிலோ இழவு விழுந்துவிட்டது என்று பதறி வெளியே ஓடி வந்தேன், அவ்வளவு நீளமான அழுகை, ஒன்று இழுக்க இன்னொன்று வாங்கிக்கொள்ளும். குட்டி ஒன்று தாயின் முதுகில் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அது யாருக்காக. ரசுவாவுக்காகவா, அம்மாவுக்காகவா. என் வீட்டில் ஒருத்தி காத்திருந்து வீணானாள் என்பதற்காக, இங்கே ஒரு மிருகக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிறேனா. பொய் சொன்னால் அது யாருக்காக. நான் நட்ட கன்று பிழைத்திருக்கட்டும், என் வாழ்க்கையில் ஒன்றாவது உருப்பட்டது என்று அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வதற்கா. எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன், அதுதான் பயம்.

ரசுவா முறத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அரிசி கொதிக்கிற மணம், இஞ்சி தட்டிப் போட்ட கோழி மணம், அதற்கடியில் பக்கத்துச் சரிவுகளில் வெட்டிப் போட்டுக் காய்கிற தழையின் மணம். பாயில் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு வைத்தாள், கோழியின் பின்பாகத்தை எடுத்து என் தட்டில் போட்டாள். இங்கே அது மரியாதைக்குரியவர்களுக்கு. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு இதை வைத்தால் சம்பந்தமே முறிந்துபோகும். தின்றேன். சின்னவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பாதியைக் கொடுத்தேன், ரசுவா அவளை அதட்டினாள். எல்லோரும் தின்று முடித்ததும், அடிப்பிடித்த சோறு ஒட்டியிருந்த பானையிலேயே தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்தக் கருகல் வாசனைத் தண்ணீரை எனக்கு ஒரு தம்ளரில் தந்தாள். ஊதி ஊதிக் குடிக்கிறேன். இவ்வளவு மெதுவாக நான் எதையும் குடித்ததில்லை. தமிழில் ஒரு வசதி உண்டு. ‘நான் திரும்பி வர’ என்பது வரை சொல்லிக்கொண்டே போகலாம், அதுவரை மனசை மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது, ‘மாட்டேன்’ என்பதும் ‘போறேன்’ என்பதும் ‘முடியுமோ என்னமோ’ என்பதும் எல்லாம் கடைசியில்தான் வரும். இவர்கள் பாஷையில் ‘இல்லை’தான் முதல் சொல். இல்லை, அப்புறம் திரும்புதல், அப்புறம் நான். வாயைத் திறக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். ரசுவா கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு ஃபாலி இல்லாமலே புரிந்தது. அவள் பாஷையிலேயே இல்லை என்று ஆரம்பித்தேன். திரும்புதல், நான் என்று முடித்தேன். அம்மா என் வாயைப் பொத்தவில்லை.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து ஃபாலியைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“உடம்பு முடியலையா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இல்ல. வரமாட்டேன், அவ்வளவுதான்.”

“அப்ப வரேன்னு ஏன் சொன்னே, எல்லார் முன்னாடியும்?”

“எங்க ஊர்ல கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டோம் ரசுவா. சொன்னா அப்படியே திரும்பி வராம போயிடுவோமோன்னு பயம்.”

ஃபாலி இதைச் சொல்ல நிறைய நேரம் எடுத்துக்கொண்டான், எதையும் விழுங்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் கேட்டுவிட்டு, “வரேன்னு சொன்னா எல்லாரும் திரும்பி வந்துடறாங்களா?” என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று ஒரு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, திட்டவில்லை. எழுந்து போய் மிச்ச எலும்பை நாய்க்குப் போட்டாள். பானையைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைகளை வெளியே போகச் சொன்னாள். திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ஃபாலி வாக்கியம் வாக்கியமாகச் சொன்னான். “இந்த வாரம் வெட்டினாத்தான் மழைக்கு முன்னாடி காயும். முழுசும் வெட்டல. பாதி வெட்டறேன், பாதி இருக்கட்டும். மேல வெட்டினா நெல்லு நல்லா வரும், பெரிய மரத்துச் சாம்பல். கீழ ஓஞ்சுபோன மண்ணு, ஏதோ கொஞ்சம் வரும். ரெண்டு பேரும் சேந்துதானே நட்டோம். எந்தப் பாதின்னு நீயே சொல்லிட்டுப் போ.”

உண்மையைச் சொன்னால் அதோடு முடிந்துவிடும், சுமை அவளுடையதாகிவிடும் என்று நான் உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். இவள் அதில் சரிபாதியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டாள். மேல்பக்கம் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு நல்ல சோறு, என் கன்றுகளும் பிழைக்கும், நாற்பது வருஷத்தில் காடாகும், அதுவரை காத்திருக்க அந்தக் குட்டிக்கு ஆயுசு கிடையாது. கீழ்ப்பக்கம் என்றால் நெல் குறையும், அதை அவளே சொல்லிவிட்டுத்தான் கேட்கிறாள், குறைந்தாலும் எதையும் வெட்டாமல் சும்மா கிடப்பதற்கு இது மேல் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். கன்றுகள் முழங்கால் உயரம்தான் வந்திருக்கின்றன. சிலவற்றில் இப்போதுதான் மூன்றாவது தளிர், தளிர் செம்பு நிறத்தில் இருக்கும், ஒவ்வொன்றையும் எனக்கு அடையாளம் தெரியும். எந்த மிருகத்துக்கும் அவை இன்று தேவையில்லை. எனக்கு மட்டும்தான் தேவை.

“கீழ” என்றேன்.

ஃபாலி மொழிபெயர்க்கவில்லை. “அங்கதான் நீங்க நட்டது இருக்கு” என்றான்.

“தெரியும். சொல்லு.”

சொன்னான். ரசுவா அவனிடம் மறுபடி கேட்டாள், சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று. அவன் ஆமாம் என்றான். அவள் என் முழங்காலில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு எழுந்தாள். கூரைச் சந்தில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்தாள். வேன் வர இன்னும் நேரமிருந்தது. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்னொரு கத்தி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இருந்தது, பிடி கொஞ்சம் ஆடியது.